நன்றியுரை சொல்லப்படாத கூட்டம்

மீன் வீணாக்கத் தடைச் சட்டம் நிறைவேறிய அன்று மதியம் ஏழ்தீவில் ஒருவராலும் கை கழுவ முடியவில்லை.

சட்டம் ஒரே வரிதான்: ஏழ்தீவில் யாரும் மீனை வீணாக்கலாகாது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். உறுப்பினர்கள் மேசையைத் தட்டி நிறைவேற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாதி மீனைத் தின்றுவிட்டு எழப் பார்த்தால் கை இலையை விட்டு வரவில்லை. மீதியையும் தின்றார்கள். முள் மீனில் சேர்த்தியா என்று சட்டம் சொல்லவில்லை, முள்ளையும் தின்றார்கள். தலையும் செதிலும் மிச்சமிருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கடைசியில் இலையும் கையுமாக அவசரக் கூட்டம் கூட்டி, 'முள், செதில், தலை நீங்கலாக' என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதை முன்மொழிந்தவர் வாயில் மீன் வாலோடுதான் பேசினார்.

வெளியுலகில் சட்டம் என்பது கிட்டத்தட்ட ஒரு வேண்டுகோள். தலைக்கவசம் போடு என்று சொல்லும். போலீஸ்காரர் கண்ணில் படாதவரை போடாமலும் போகலாம். ஏழ்தீவில் அப்படி இல்லை. பேரவை நிறைவேற்றுகிற ஒவ்வொரு வரியையும் சட்டமாற்றி என்ற இயந்திரம் வாங்கி, அந்த உலகத்தின் இயற்கையாகவே ஆக்கிவிடும். மேலே எறிந்த கல் கீழே விழுவதைப்போலச் சட்டமும் தானாக நடக்கும். மீற முடியாது, ஒளிய முடியாது, ஆளைப் பிடித்துச் சரிக்கட்டவும் முடியாது.

ஏழ்தீவு ஒரு விளையாட்டு. காட்சிக்கவசத்தைத் தலையில் மாட்டினால் ஏழு தீவுகளும் அவற்றுக்கு நடுவே கடலும் விரியும். கவசத்தைக் கழற்றினால் நம் உருவம் விட்ட இடத்திலேயே நிற்கும். மறுபடி மாட்டும்போது அங்கிருந்துதான் தொடர வேண்டும். நாலு லட்சம் பேர் அதில் உழுதார்கள், உப்பு எடுத்தார்கள், ஏழாம் தீவின் காட்டுக்குப் போய் யாளியை வேட்டையாடினார்கள், பெரும்பாலும் யாளியிடம் அடி வாங்கித் திரும்பினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. உழவர்கள் மழை கேட்டார்கள். உப்பளக்காரர்கள் வெயில் கேட்டார்கள். வேட்டைக்காரர்கள் யாளியின் பல்லைச் சிறிதாக்கச் சொன்னார்கள். யாளியின் ரசிகர்கள் பெரிதாக்கச் சொன்னார்கள். நாளுக்கு நாற்பதாயிரம் புகார். அதை நடத்திவந்த கடலாடி நிறுவனம் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓர் அறிவிப்பு விட்டது. 'இனி உங்களை நீங்களே ஆண்டுகொள்ளுங்கள். சட்டமாற்றியை உங்களிடமே தந்துவிடுகிறோம். தொண்ணூறு நாளில் ஓர் அரசியல் சாசனம் வராவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.'

விளக்கை அணைத்தால் ஜெசிந்தா பர்னாந்தின் படகுத்துறையும் அணைந்துவிடும்.

ஜெசிந்தாவுக்கு ஐம்பது வயது. ஊர் தூத்துக்குடி. முதல் தீவில் ஆறு வருடமாகப் படகு ஓட்டிக்கொண்டிருந்தாள். துறையின் ஒவ்வொரு படியையும் அவளே கட்டினாள். படி முடிகிற இடத்தில் ஒரு வெண்கல மணி. தீவு விட்டுத் தீவு போக வேண்டியவர்கள் அந்த மணியை அடித்தால், ஏழ்தீவில் எந்த மூலையில் இருந்தாலும் அவள் காதில் கேட்கும். அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். வெளியே அவளை யாராவது கூப்பிட்டால் பெரும்பாலும் தண்ணீர் வரவில்லை என்று சொல்லத்தான் கூப்பிடுவார்கள். ஏனென்றால் அவள் முத்துக்குளி அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அறுபத்து நாலு வீடு, பதினோரு வருடம்.

அரசியல் சாசனம் எழுதத் தெரிந்தவர்கள் எழுதி அனுப்பலாம் என்றார்கள். எத்தனையோ பேர் அனுப்பினார்கள். ஒரு வக்கீல் அனுப்பியது எண்ணூறு பக்கம். ஜெசிந்தா அனுப்பியது பதினோரு பக்கம். நாலு லட்சம் பேரும் அதற்கு ஓட்டுப் போட்டார்கள், காரணம் அதை மட்டும்தான் அவர்கள் கடைசிவரை படித்திருந்தார்கள்.

அவள் பெரிதாக எதையும் யோசித்து எழுதவில்லை. சங்கத்தின் விதிமுறைகளை எடுத்து, குடியிருப்பு என்று வந்த இடத்தில் தீவு என்று போட்டாள். முந்நூற்றொரு உறுப்பினர். அவைத்தலைவராக ஒரு நிரலன். அதாவது மனிதர் யாரும் பின்னால் இல்லாமல் நிரலால் மட்டும் இயங்குகிற ஆள், ஆகவே கோபமும் தூக்கமும் கட்சியும் இல்லாதவர். அவர் அனுமதித்தால் ஒழிய யாரும் பேசலாகாது. எவரையும் அவைக்குள் அடைத்து வைக்கலாகாது. ஒன்பதாம் விதி கோரம் பற்றியது: ஐம்பது பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும், இல்லாவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி கூட வேண்டும், அப்போது கோரம் தேவையில்லை, இருக்கிறவர்களை வைத்து முடிவெடுக்கலாம். சங்கம் வைத்திருக்கிற எல்லா ஊரிலும் இருக்கிற விதிதான். அது இல்லையென்றால் முத்துக்குளி அடுக்ககத்தில் ஒரு பல்பு கூட மாற்றியிருக்க முடியாது. கடைசி விதி, 'நன்றியுரையுடன் கூட்டம் முடிவடையும்.'

எண்பத்தெட்டாம் நாள் பேரவை திறந்தது. ஏழ்தீவு பிழைத்துக்கொண்டது. ஜெசிந்தாவும் சுயேச்சை உறுப்பினராக ஒரு மூலையில் இடம் பிடித்தாள். துறையில் மணி அடித்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

வந்த வினை எங்கிருந்து வந்தது என்றால், அவளுடைய பதினோரு பக்கமும் இயற்கையாகிவிட்டதுதான். அவைத்தலைவர் அனுமதித்தால் ஒழிய பேசலாகாது என்றால், வாய் திறக்கவே திறக்காது. குறுக்கே ஒரு வார்த்தை விட முடியாது. முந்நூறு பேர் மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆளும் வேட்டைக் கட்சியின் தலைவர் டாக்டர் ஆதிமூலம் கரூரில் பல் மருத்துவர். பகலெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவர், இங்கே தன் வாயைத் திறக்க அனுமதிச் சீட்டு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். மேசையைத் தட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். தட்டல் தாங்காமல் அதற்கு ஒரு தடைச் சட்டம் வந்தது, மேசைகள் இலவம்பஞ்சாகிவிட்டன. கோபத்தைக் காட்ட மிச்சமிருந்தது கால் மட்டும்தான். எவரையும் அடைத்து வைக்கலாகாது என்று விதியே சொல்கிறதே.

இப்படித்தான் ஏழ்தீவில் வெளிநடப்பு ஒரு கலையாக வளர்ந்தது.

எதிர்க்கட்சியான உப்பள உழவர் கூட்டணி முதலில் ஆரம்பித்தது. வேட்டியை ஒரே நேரத்தில் மடித்துக் கட்டி, ஒரே காலை முன்வைத்து, நூற்றைம்பது பேரும் ஒரே வரிசையில் வெளியேறினார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. மாடத்தில் வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். ஆளும் கட்சிக்குப் பொறுக்கவில்லை. வெளிநடப்பைக் கண்டித்து அவர்களும் வெளிநடப்பு செய்தார்கள், துண்டை உதறித் தோளில் போடுகிற ஒரு புது அசைவோடு. வாரத்துக்கு வாரம் மாடம் நிறைந்தது. அணைய ஒரு நாளும் விடமாட்டோம் என்று சண்டை போட்ட உலகத்தில் உழவு நின்றது, உப்பு நின்றது. நாலு லட்சம் பேரும் மாடத்தில் உட்கார்ந்து, யாருடைய வெளிநடப்பில் கோபம் அதிகம், யாருடையதில் ஒழுங்கு அதிகம் என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாளியை யாரும் சீண்டவில்லை. வேட்டையாடாத ஒவ்வொரு நாளும் யாளி ஒரு சாண் வளரும் என்பது விளையாட்டின் பழைய விதி. அது தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

பிறகு நேர்வருகைச் சட்டம் வந்தது. கவசத்தை மாட்டினதும் உறுப்பினர் நேராக அவைக்கும், பார்வையாளர் நேராக மாடத்துக்கும் வந்து சேர்வார்கள். அதோடு துறையில் மணிச் சத்தம் அடங்கிவிட்டது. மற்ற படகோட்டிகள் மாடத்துக்குப் போய்விட்டார்கள். ஓட்டாத அவர்கள் படகுகள் மக்கிப்போயின. ஜெசிந்தா மட்டும் தினமும் வெறும் படகை ஆறாம் தீவு வரை ஓட்டித் திரும்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் வெளிநடப்பு செய்த கையோடு ஆதிமூலம் துறைப் பக்கம் வந்தார். அவையிலிருந்து சிற்றுண்டிச் சாலைக்குப் போகிற பாதை துறையை ஒட்டித்தான் போகிறது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்று தொடங்கினார். "பாதை பத்தலீங்க. நூத்தம்பது பேரு வரிசையா நடக்கோணும்னா பத்தாளு அகலமாச்சும் வேணுமுங்க. இப்ப மூணாளு அகலந்தான் இருக்குது. பின்னால வர்றவங்களுக்கு வெளிய வர்றதுக்குள்ள கோவமே ஆறிப்போவுதுங்க."

"அதுக்கு என் தொறதான் கெடைச்சுதாக்கும்."

"தூர்த்துப்போட்டா நல்ல அகலமா வருமுங்க. இங்க யாருமே வர்றதில்லையே. கடைசியா மணி எப்ப அடிச்சுது, சொல்லுங்க பாக்கலாம்."

அவளுக்குத் தெரியும். நாற்பத்தாறு நாள். சொல்லத்தான் மனம் வரவில்லை. "நீங்க யாளி வேட்டைக்குப் போயி எத்தன நாளாச்சு டாக்டர்?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "அவையில வேலை சரியா இருக்குதுங்க."

"மொத மொதல்ல என் படகுலதான ஏழாந்தீவுக்குப் போனீங்க. ஈட்டியத் தலகீழாப் புடிச்சிட்டு நின்னீங்க."

ஆதிமூலத்தின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. "வியாழக்கெழமை மசோதா வருதுங்க. எதிர்க்கட்சியும் ஆதரிக்கறாங்க. அவங்களுக்கும் நடக்க எடம் வேணுமில்லீங்களா," என்று சொல்லிவிட்டு, ஆறிக்கொண்டிருந்த கோபத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேகமாக நடந்தார்.

முந்நூறுக்கு ஒன்று. அன்று கவசத்தைக் கழற்றிய பிறகும் ஜெசிந்தா அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் கட்டிய படியை, தான் எழுதிய சாசனத்தை வைத்தே மண்ணைப் போட்டு மூடப்போகிறார்கள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்துக்குளி அடுக்ககத்தில் மாதக் கூட்டம். பத்து மணிக்கு ஜெசிந்தாவும் அவள் கணவர் கஸ்பாரும் நாற்காலிகளும் இருந்தார்கள். பத்தரைக்கு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மோட்டார் இனி காலை ஐந்து மணிக்குப் போடப்படும் என்று நாலு பேரும் சேர்ந்து அறுபத்து நாலு வீட்டுக்கும் முடிவு செய்தார்கள். வழக்கம்போல கஸ்பார் எழுந்து நன்றியுரை சொன்னார். அந்த வேலையை வேறு யாரும் ஏற்காததால் பதினோரு வருடமாக அவர்தான் சொல்கிறார். அவர் தொடங்கியதும் ஜெசிந்தா எழுந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிடுவாள். அன்று ஒரு நாற்காலியைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னட்டீ, இடுப்பு புடிச்சிக்கிட்டா?" என்றார் கஸ்பார்.

"இல்ல. நாலு பேரு முடிவெடுத்தா செல்லும்னா, ஒருத்தி எடுத்தாலும் செல்லுமில்ல?"

"செயலாளர் நீதான். என்னையக் கேக்க."

வியாழக்கிழமை காலை அவை நிறைந்திருந்தது. மாடத்தில் இடமில்லை. துறை தூர்ப்பு மசோதாவுக்கு முன்னால் ஒரு விளக்கம் கேட்க ஜெசிந்தா சீட்டுக் கொடுத்திருந்தாள். அவைத்தலைவர் அனுமதித்தார்.

"மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே," என்று அவள் எழுந்தாள். அவையில் அவள் பேச்சு எப்போதும் சங்கத்து அறிக்கைபோலத்தான் இருக்கும். "ஏழ்தீவின் வரலாற்றில் முதல் வெளிநடப்பைச் செய்தது எந்தக் கட்சி என்று அறிய விரும்புகிறேன்."

இரண்டு பக்கமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. சங்கத்தில் பதினோரு வருடம் இருந்தவளுக்கு ஒன்று தெரியும்: யார் முதலில் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அவைத்தலைவர் குறிப்பேட்டைப் புரட்டினார். பொய் சொல்லவோ பூசி மெழுகவோ அவருக்கு நிரல் இல்லை. "முதலில் வெளியேறியவர் உப்பள உழவர் கூட்டணி உறுப்பினர் ஒருவர். அவர் மூக்கைச் சிந்தப் போனதாகப் பதிவாகியிருப்பதால் அது வெளிநடப்பு ஆகாது. அடுத்தது வேட்டைக் கட்சியினுடையது. அது சாப்பாட்டு நேரத்தில் நடந்திருப்பதால் அதுவும் ஆகாது."

முந்நூறு வாய்களும் திறக்க முடியாமல் துடித்தன. ஒரே நொடியில் நூற்றைம்பது வேட்டி இந்தப் பக்கம் மடிந்தது, நூற்றைம்பது துண்டு அந்தப் பக்கம் உதறப்பட்டது. இரண்டு கட்சியும் ஒரே வாசலில் முட்டி மோதி வெளியேறின. மாடம் அதிர்ந்தது. ஏழ்தீவு அதுவரை கண்டிராத வெளிநடப்பு.

"கோரம் இல்லை. அவை அரை மணி நேரம் ஒத்திவைக்கப்படுகிறது," என்றார் அவைத்தலைவர்.

வெளிநடப்பு செய்தவர்கள் அரை மணிக்கு முன் திரும்ப மாட்டார்கள். அதற்குள் கோபம் ஆறிவிட்டது என்று தெரிந்தால் மரியாதை போய்விடும். சிற்றுண்டிச் சாலையிலிருந்து வடை வாசனை வந்தது. ஜெசிந்தா மடியில் வைத்திருந்த தாளைப் பிரித்து மறுபடி படித்தாள். ஓட்டை எங்கும் இருக்கக் கூடாது. 'ஒரு போன் வருது' என்று சொல்லிக்கொண்டு கூட்டத்திலிருந்து நழுவுகிற எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

அரை மணி ஆனது. அவை மறுபடி கூடியது. அதாவது, ஜெசிந்தா இருந்த இடத்திலேயே சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெளிநடப்பு ஒழுங்குமுறை மசோதா," என்று படித்தாள். "ஒன்று. அவை நடக்கும்போது எக்காரணம் கொண்டும் வாசலைக் கடந்து வெளியேறுகிற எந்த உறுப்பினரும் வெளிநடப்பு செய்தவரே ஆவார். இரண்டு. வெளிநடப்பு செய்தவர் ஏழாம் தீவின் கரையில் போய்ச் சேர்வார். மூன்று. பிற சட்டங்களில் எது சொல்லப்பட்டிருந்தபோதிலும், அவர் அங்கிருந்து கடல் வழியாக மட்டுமே திரும்ப வேண்டும். நான்கு. இந்தச் சட்டம் இன்று காலை முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும்."

"ஆதரிப்போர் ஆம் என்க."

"ஆம்," என்றாள் ஜெசிந்தா.

"எதிர்ப்போர் இல்லை என்க." அவைத்தலைவர் காலியான முந்நூறு இருக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். "ஏகமனதாக நிறைவேறியது."

சிற்றுண்டிச் சாலையின் சத்தம் நடுப்பேச்சில் நின்றது. ஒரு தட்டு தரையில் விழுந்து உருண்டது.

"நிகழ்ச்சி நிரலில் அடுத்து, துறை தூர்ப்பு மசோதா. எடுத்துக்கொள்ளலாமா?"

அதையும் ஒற்றை ஆளாகத் தோற்கடித்திருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு திருட்டுத்தனம் போதும் என்று அவளுக்குப் பட்டது. இனி முந்நூறு பேரும் படகில் வந்து இறங்கட்டும். இறங்கிய படியிலேயே நின்று அதைத் தூர்க்க ஓட்டுப் போடுகிறார்களா பார்ப்போம். "அவர்கள் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்," என்றாள். முதல் நடைக்குப் படகைத் தயார் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு ஆறு பேர், ஐம்பது தடவை. கணக்குப் போட்டுக்கொண்டே சேலையை இழுத்துச் செருகினாள், வாசலைக் கடந்தாள்.

கால் ஈர மணலில் பதிந்தது.

எதிரே முந்நூறு பேர் வெள்ளையும் சள்ளையுமாகக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். பலர் கையில் கடித்த வடை இருந்தது. ஆதிமூலம் டீ கிளாசோடு அவளிடம் வந்தார்.

"என்னங்க்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க."

"நான் எப்படி இங்க வந்தேன்?" என்றாள் ஜெசிந்தா. "நான் வெளிநடப்பு செய்யலியே டாக்டர். கூட்டம் முடிஞ்சுதான வாரேன்."

அப்போது அவைத்தலைவரின் குரல் எல்லார் காதிலும் ஒலித்தது. "உறுப்பினர்களின் கவனத்துக்கு. நன்றியுரை வழங்கப்படாததால் அவை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தற்போது அவையில் உறுப்பினர் எவரும் இல்லை. ஒன்பதாம் விதிப்படி கோரம் தேவையில்லை. அடுத்து வரும் உறுப்பினர், அவர் ஒருவரே ஆயினும், மசோதா கொண்டுவரலாம்."

ஜெசிந்தாவுக்குக் கஸ்பாரின் முகம் நினைவுக்கு வந்தது. பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது அவரைக் கேட்டு நன்றியுரை சொல்லப் பழகியிருக்கலாம். ஆளே இல்லாத அவையில் நன்றியுரை சொல்லித்தான் முடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதலில் புரிந்துகொண்டவர் ஆதிமூலம். "அப்படீன்னா மொதல்ல யாரு போய்ச் சேருறாங்களோ..." என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். மூடிப் பயனில்லை, எல்லாருக்கும் கேட்டுவிட்டது. இங்கே பேச யார் அனுமதியும் தேவையில்லை என்பதும் அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. நாலு மாதமாக அடைத்துக் கிடந்த முந்நூறு வாய்களும் ஒன்றாகத் திறந்தன. தீவே குலுங்கியது. காட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த யாளி விழித்துக்கொண்டது.

அது இப்போது கோயில் கோபுர உயரம் இருந்தது. நாலு மாதமாக ஒரு நாதி எட்டிப் பார்க்கவில்லை. மரங்களுக்கு மேலே தலையைத் தூக்கி, கரையில் முந்நூறு பேரைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்ததுபோலத்தான் ஜெசிந்தாவுக்குப் பட்டது.

அதே நேரம் அவள் காதில் மணி அடித்தது.

ஒரு தடவை இல்லை. நிற்காமல் அடித்தது. கடற்கரையில் நடக்கிற வேடிக்கை மாடத்திலிருந்து தெரியாது. நேர்வருகைச் சட்டம் மாடத்துக்கு மட்டும்தான் கொண்டுவந்து விடும். ஏழாம் தீவுக்குப் போக வேண்டுமென்றால் கடல்தான், படகுதான். நாலு லட்சம் பேர் அவள் துறையில் வரிசையில் நின்று மணியை மாற்றி மாற்றி அடித்தார்கள். ஐம்பத்திரண்டு நாளாக எந்தச் சத்தத்துக்கு ஏங்கினாளோ அந்தச் சத்தம். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஏழ்தீவில் மிச்சமிருந்த ஒரே படகு துறையில் கட்டிக் கிடந்தது. சொந்தக்காரி கைபட்டால்தான் அது அசையும், சொந்தக்காரியோ எதிர்க்கரையில் நின்றாள்.

"மரம் நான் கொண்டாறேனுங்க," என்றார் ஆதிமூலம் காதருகில். "யாளிக்காட்டுல எனக்கு வழி தெரியும். படகு நீங்க கட்டுங்க. ரெண்டாளும் ஒண்ணாப் போயிறலாம்."

"போயி? உங்க மசோதாவுக்குக் கை தூக்கவா?"

ஆதிமூலம் கடலைப் பார்த்தார். பிறகு கிளாசைப் பார்த்தார். "அதையத் தூர்த்துப்போட்டா நாம எங்கீங்க எறங்கறது," என்றார். குரல் இறங்கியிருந்தது.

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, டீ கிளாசைத் தவிர வேறு ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் ஓடினார். ஒரு மணி நேரம் கழித்து மரங்களை ஒரு கட்டாகக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சட்டையில் ஒரு கை இல்லை. யாளி அவரைக் காட்டின் எல்லைவரை துரத்திவந்துவிட்டு, இன்னொரு தடவை வருவாரா என்று எதிர்பார்த்து அங்கேயே நின்றது. "நாலு மாசமாச்சுங்க்கா இப்படி ஓடி," என்று மூச்சு வாங்கச் சிரித்தார். ஈட்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்த அந்த ஆளைப் பல நாள் கழித்து இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. சிலர் நீந்தப் பார்த்தார்கள். கடல் அவர்களைக் கரையில் கொண்டுவந்து போட்டது. சிலர் யாளியிடம் அடி வாங்கி உற்சாகமாகத் திரும்பினார்கள். ஒரு கூட்டம் படகு கட்டுவதா தெப்பம் கட்டுவதா என்று ஆராயக் குழு அமைத்தது. குழுவில் தெப்பத்தை ஆதரித்தவர்கள் வெளிநடப்பு செய்து, முழங்கால் அளவு தண்ணீர் வரை போய் நின்றார்கள். அதற்கு மேல் நடக்க இடமில்லாததால் கோபத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

படகு தயாரானது. ஆதிமூலம் முன்னால் ஏறி உட்கார்ந்தார். ஜெசிந்தா பின்னால் உட்கார்ந்து துடுப்பைப் போட்டாள். கரை பின்னால் போயிற்று. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அவைக்குப் போனதும் மொதல்ல என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"வேற என்ன. நன்றியுரை சொல்லிக் கூட்டத்த முடிக்கணும்."

"அதுதானுங்க முறை."

அவள் மனதாரத்தான் சொன்னாள். ஆனால் ஆறாம் தீவைத் தாண்டும்போது ஒன்று தோன்றியது. நன்றியுரைக்கு முன்னால் வெளிநடப்புச் சட்டத்தில் ஒரே ஒரு சின்னத் திருத்தம், 'படகோட்டிகள் நீங்கலாக' என்று. தப்பில்லை. ஐந்தாம் தீவில், நேர்வருகைச் சட்டத்தையும் அப்படியே எடுத்துவிட்டால் நல்லது என்று பட்டது. அதற்குப் பேரவையைக் கூட்டி, அவர்கள் விவாதித்து, வெளிநடப்பு செய்து, யாரால் முடியும். நாலாம் தீவில் உழவர்களுக்கு நாள் விட்டு நாள் மழை. மூன்றாம் தீவு வருவதற்குள் ஏழு சட்டம் சேர்ந்துவிட்டது. எல்லாமே எல்லாருடைய நன்மைக்கும்தான். ஒற்றை ஆள் என்றால் எவ்வளவு சுருக்கமாக முடிந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

ஆதிமூலத்தின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போயிருந்தார்.

ஜெசிந்தா துடுப்பை நிறுத்தினாள். படகு கரை தட்டும்போது முன்னால் இருக்கிறவர்தான் முதலில் குதிப்பார். துறையிலிருந்து அவை வாசல் முப்பது காலடி தூரம். அவர் யாளிக்கு முன்னால் ஓடிப் பழகிய ஆள்.

முதல் தீவு தெரிந்தது. படிக்கட்டு முழுக்கச் சனம். ஆறு வருடத்தில் அவள் பார்க்காத கூட்டம், அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. கரைக்கு இன்னும் நூறு முழம் இருக்கும்போது, காற்று திசை மாறுகிறது என்று ஆதிமூலத்திடம் சொல்லிவிட்டு, ஜெசிந்தா படகை மெதுவாகத் திருப்பிப் பின்பக்கமாகக் கரைக்கு ஓட்டத் தொடங்கினாள்.